படும் இடம்: நடு

கோல்ஃப் மட்டையும் பந்தும் தொட்டுக்கொண்டிருக்கும் நேரம், ஒரு நொடியை இரண்டாயிரமாகப் பிரித்தால் அதில் ஒரு பங்கு. அதற்குள் பந்து சப்பையாகி, மட்டையின் முகம் லேசாக உள்வாங்கி, இரண்டும் பழைய உருவத்துக்கு வந்து, பந்து கிளம்பிப் போயே போய்விடும். அடித்தவர் கைக்கு அதிர்வு ஏறி, அது மூளைக்கு உறைப்பதற்குள் பந்து நாலடி தள்ளிப் போயிருக்கும். அதன்பிறகு மனிதனால் ஆகக்கூடியது வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டு நிற்பது மட்டும்தான்.

மட்டைத் தொழிற்சாலையின் முதலாளி இதை ஒப்புக்கொள்ள மாட்டார். "பந்து மட்டைல ஒட்டுறப்பவே எனக்குத் தெரிஞ்சிடும். அப்பவே லேசா ஒரு திருப்பு திருப்பிவிட்டுடுவேன்" என்பார். சொந்தமாக ஒரு தொழிற்சாலை வைத்திருப்பவருக்கு நொடியில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு தாராளமான நேரம்தான் என்று சுற்றி நிற்பவர்கள் தலையாட்டுவார்கள்.

தலையாட்டுபவர்களில் முதல் வரிசையில் நிற்பவள் பவுடர் அக்கா. பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவளுக்கு இருந்தது. சம்பளப் பதிவேட்டைத் தவிர வேறெங்கும் அது புழங்கவில்லை. சோதனைக் கூடத்தில் அவளுடைய வேலை, ஒவ்வொரு அடிக்கும் முன்னால் மட்டையின் முகத்தில் வெள்ளைப் பவுடரைப் பீச்சுவது. பந்து பட்டால் பவுடர் கலைந்து அந்த இடத்தில் வட்டமாக ஒரு தடம் விழும். மட்டை முகத்தின் நடுவில் சிவப்புப் புள்ளி ஒன்று அச்சடித்திருக்கும். தடம் புள்ளியின்மேல் விழுந்ததா, தள்ளி விழுந்ததா என்று பார்த்துத் தாளில் எழுதுவாள். மட்டையின் வேகம், பந்தின் வேகம், போன திசை எல்லாவற்றையும் கருவி எழுதிவிடும். 'படும் இடம்' என்ற கடைசிக் கட்டம் மட்டும் அவள் கையெழுத்து. தாள் மாடியில் இருக்கும் வடிவமைப்பு அறைக்குப் போகும். அங்கே உட்கார்ந்திருப்பவன் அவளுடைய உடன்பிறந்த தம்பி.

முதலாளி தினமும் காலை ஒன்பது மணிக்கு வந்து பத்துப் பந்து அடிப்பார். அதற்குத் 'தரச் சோதனை' என்று பெயர். பந்தைத் திடலை நோக்கி அடிக்க வசதியாகக் கூடத்தின் ஒரு பக்கச் சுவரையே எடுத்துவிட்டிருந்தார்கள். கோட்டு, கையுறை, வெள்ளை ஷூ எல்லாம் கச்சிதமாக இருக்கும். அடி மட்டும் புள்ளியில் விழாது. ஒன்றரை விரல் தள்ளி, கைப்பிடித் தண்டு வந்து சேரும் ஓரத்தில்தான் விழும். பத்துக்குப் பத்தும் அங்கேயே விழும் என்பதால் அவரை ஒழுங்கில்லாதவர் என்றும் சொல்ல முடியாது.

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் பவுடர் அக்கா அந்தத் தடத்தைப் பார்த்தாள். முதலாளி முகத்தையும் பார்த்தாள். பிறகு, தனக்கு முன்னால் இந்த வேலையில் இருந்த மனிதரை நினைத்துக்கொண்டாள். அவர் ஒரு நல்ல நாளில், வந்திருந்த விருந்தாளிகளுக்கு எதிரில் மட்டையைத் தூக்கிக்காட்டி, "ஓரத்துல பட்டுடுச்சு சார்" என்று சொல்லித் தொலைத்தவர். இப்போது பேக்கிங் பிரிவில் அட்டைப்பெட்டி மடித்துக்கொண்டிருந்தார். அக்கா இடுப்பில் செருகியிருந்த துணியை எடுத்து மட்டையை ஒரே இழுப்பில் துடைத்தாள்.

"எங்க பட்டுது?" என்றார் முதலாளி.

"நடுவுல சார்."

"எனக்கே தெரிஞ்சுது" என்றார் அவர்.

அன்றைக்குத் தாளில் 'நடு' என்று எழுதியவள் பதினோரு வருடமாக அதையே எழுதிக்கொண்டிருக்கிறாள். துடைப்பது பழக்கமாகி, பழக்கம் முறையாகி, தொழிற்சாலைக்கு வரும் புதியவர்கள் அதுவும் தரச் சோதனையின் ஒரு பகுதி என்று நினைத்தார்கள்.

ஒரு மனிதரின் மனம் கோணாமல் இருக்க ஒரு துணியை இழுத்துவிட்டால் அதோடு முடிந்துவிடும் என்று அக்கா நம்பினாள். அது முடியவில்லை. ஓரத்தில் பட்ட பந்து வலப்பக்கம் வளைந்தோடும். அது பந்தின் சுபாவம். தாளிலோ 'நடு' என்று இருக்கிறது. நடுவில் பட்டும் பந்து வளைகிறதென்றால் கோளாறு மட்டையில்தானே இருக்க வேண்டும்? மாடியிலிருந்த அறிவாளிகள் மட்டைத் தலையின் எடையை ஓரத்துக்கு நகர்த்தினார்கள். அடுத்த வருடம் இன்னும் கொஞ்சம் நகர்த்தினார்கள். முகத்தை ஒரு பாகை இடப்பக்கம் திருப்பினார்கள். முதலாளியின் பந்து மெல்ல மெல்ல நேரானது. சோதனை இயந்திரத்தின் இரும்புக் கை மட்டும் ஒழுங்காக நடுவில் அடித்து, பந்தை இடப்பக்கம் அனுப்பிக்கொண்டிருந்தது. "இந்த மெஷினுக்கு ஆடத் தெரியல" என்றார் முதலாளி. பழுது பார்ப்பவரைக் கூப்பிட்டு அந்தக் கையையும் ஒன்றரை விரல் நகர்த்தச் சொன்னார். அன்றிலிருந்து அந்தத் தொழிற்சாலையில் மனிதர், இயந்திரம், மட்டை என்று எல்லாமே ஒரே கோணலில் ஒற்றுமையாக வாழ்ந்தன.

வேடிக்கை என்னவென்றால் மட்டைகள் நன்றாக விற்றன. ஞாயிற்றுக்கிழமை ஆட்டக்காரர்களில் பாதிப் பேர் முதலாளியைப் போலவே அடிப்பவர்கள்.

ஆறு வருடம் முன்பு தம்பி வேலைக்கு வந்தான். அக்காதான் முதலாளி காலில் விழாத குறையாகக் கேட்டு வாங்கிக் கொடுத்தாள். பள்ளிக்கூடத்தில் கணக்கில் இரண்டு மதிப்பெண் குறைந்தாலும் சாப்பிடாமல் படுத்துக்கொள்ளும் பிள்ளை அவன். அம்மா போன பிறகு அவனை எழுப்பிச் சோறு ஊட்டியது அவள்தான். வந்த முதல் வருடமே அவனுக்குச் சந்தேகம் வந்தது. மதிய இடைவேளையில் கேன்டீன் மேசையில் தாளை விரித்துவைத்துக் கேட்டான்.

"அக்கா, நடுவுல பட்டா மட்டை போற வேகத்தைப் போல ஒண்ணரை மடங்கு பந்து போகணும். மட்டைத் தலை இருநூறு கிராம், பந்து நாப்பத்தாறு கிராம். என்ன கணக்கு போட்டாலும் அதான் வருது. இதுல அவ்வளவு வரலியே. நிஜமாவே நடுவுலதான் படுதா?"

அந்த நேரத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லியிருக்க வேண்டும். அவளுக்குப் பேக்கிங் பிரிவின் அட்டைப்பெட்டிகள் கண்ணில் தெரிந்தன.

"பட்டதைத்தானேடா எழுதுறேன்" என்றாள்.

அக்கா சொன்னால் அவனுக்கு மறுபேச்சில்லை. தன் கணக்கில்தான் ஏதோ ஓட்டை என்று முடிவு செய்தான். சூத்திரத்தின் கடைசியில் சும்மா ஒரு எண்ணைச் சேர்த்தான். அதற்கு மாடியில் 'முதலாளி எண்' என்று பெயர். அதைச் சேர்த்தால் விடை தாளோடு ஒத்துப்போகும். ஏன் ஒத்துப்போகிறது என்று அவனுக்குத் தெரியாது. ஆறு வருடத்தில் அவனுக்கு முன்மயிர் கொட்டிவிட்டது. யாராவது எதையாவது கேட்டால், "நான் சொல்றது தப்பாக்கூட இருக்கலாம்" என்று ஆரம்பிப்பது வழக்கமாகிவிட்டது. கடைக்காரர் மீதிச் சில்லறை கொடுத்தால்கூட இரண்டு தடவை எண்ணுகிறான் என்று அவன் மனைவி அக்காவிடம் சிரித்துக்கொண்டே சொன்னாள். அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை.

இப்படியிருக்கையில் முதலாளிக்கு ஓர் ஆசை வந்தது. மூன்று வருடமாகத் தொடர்ந்து பட்டம் வென்ற சாம்பியன் தன் தொழிற்சாலை மட்டையால் ஆட வேண்டும். கடிதம் போனது, சாம்பியனும் வெள்ளிக்கிழமை வருவதாகப் பதில் வந்தது. வியாழக்கிழமை முதலாளி தம்பியைக் கூப்பிட்டார்.

"நாளைக்கு அந்தம்மா மட்டைய எடுத்துக்கிட்டா நல்லது. வேணாம்னு வெச்சுட்டுப் போனா, நீ உன் மேசைய காலி பண்ணிடு. வேற பேச்சே கிடையாது."

தம்பி படியிறங்கி வந்து அக்காவிடம் அதை அப்படியே சொன்னான். வீட்டில் இரண்டு சின்னப் பெண்கள். வேறெங்கும் தன்னை யார் வேலைக்கு எடுப்பார்கள் என்று கேட்டான். "என் கணக்கே எனக்கு ஒத்துவர மாட்டேங்குது. வேற இடத்துல போய் என்னத்த சொல்லிக் கேப்பேன்?" நடுவில் அடிக்கத் தெரிந்த ஓர் ஆள் அந்த மட்டையைத் தொட்டால் என்ன ஆகும் என்று அந்தத் தொழிற்சாலையில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

சாம்பியன் ஒல்லியான பெண்மணி. பேச்சு குறைவு. ஒரு சாதாரண பனியனும் தொப்பியுமாக, வேலைக்கு வந்தவள் போல வந்து நின்றாள். முதலாளி அவளுக்குக் காலில் விழும் எடையைப் பற்றியும், இடுப்பைப் பற்றியும், பந்து ஒட்டும்போது கொடுக்க வேண்டிய திருப்பைப் பற்றியும் கால் மணி நேரம் விளக்கினார். அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அடிக்கட்டுமா?" என்றாள்.

அக்கா பவுடர் பீச்சினாள். சாம்பியன் அடித்தாள். சத்தமே வேறாக இருந்தது. பதினோரு வருடத்தில் அந்தக் கூடத்தில் கேட்டிராத சத்தம். பந்து இடப்பக்கமாகப் பறந்து கேன்டீன் தகரக் கூரையில் இடித்தது. இரண்டாவது பந்தும் கேன்டீன் கூரை. மூன்றாவதும் அதே தகரம். உள்ளே இருந்த சமையல்காரர் கரண்டியோடு வெளியே வந்து பார்த்தார்.

சாம்பியன் மட்டையைத் திருப்பி முகத்தைப் பார்த்தாள். தடம் சிவப்புப் புள்ளியின்மேல் வட்டமாக உட்கார்ந்திருந்தது. "நடுவுலதான் படுது. இடப்பக்கமா போகுது" என்றாள்.

"நீங்க கொஞ்சம் இழுத்து அடிக்கிறீங்கம்மா. பொம்பளைங்களுக்கு இந்த மட்டை கனம் அதிகம்" என்றார் முதலாளி. அவள் கையுறையைக் கழற்ற ஆரம்பித்தாள். அதைப் பார்த்ததும் முதலாளிக்குக் கோபம் தம்பி பக்கம் திரும்பியது. "என்னய்யா செஞ்சு வெச்சிருக்கே?"

தம்பி தலையைக் குனிந்துகொண்டான். "என் கணக்குலதான் சார் தப்பு இருக்கணும். ஆரம்பத்துலேருந்தே ஏதோ தப்பு."

அவன் அதை மனப்பூர்வமாகச் சொன்னான். அதுதான் அக்காவைக் கொன்றது. மழுப்பலுக்குச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

"கணக்கு கிடக்கட்டும். மட்டைய இப்படிக் குடு, நான் அடிச்சுக் காட்டுறேன்" என்றார் முதலாளி. அக்கா மட்டையைத் துடைத்துப் புதிதாகப் பவுடர் பீச்சிக் கொடுத்தாள். அவர் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு அடித்தார். பந்து நூல் பிடித்ததுபோல நேராகப் போய்த் திடலின் நடுவில் விழுந்தது. கூட நின்ற மேலாளர்கள் கைதட்டினார்கள். முதலாளி முறைப்படி மட்டையைப் பின்னால் நீட்டினார். அக்கா வாங்கினாள். வலது கை தானாகவே இடுப்புத் துணியை உருவியது.

எல்லோரும் அந்த ஒரு இழுப்புக்காகக் காத்திருந்தார்கள். அக்கா இழுக்கவில்லை. துணியைத் தோளில் போட்டாள். மட்டையை முதலாளியிடம் காட்ட அவளுக்குத் துணிவில்லை. தம்பியிடம் காட்ட அதைவிடத் துணிவில்லை. அதனால் சாம்பியனிடம் நீட்டினாள்.

சாம்பியன் பார்த்தாள். தண்டோரமாக விழுந்திருந்த தடத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தாள். "இங்க பட்ட பந்தா அவ்வளவு நேரா போச்சு?"

பவுடர் பீச்சும் டப்பாவின் மூக்கிலிருந்து 'புஸ்' என்று ஒரு சத்தம் மட்டும் வந்தது.

"இத செஞ்சது யாரு?" என்று கேட்டாள் சாம்பியன். தம்பி குற்றவாளிபோலக் கையைத் தூக்கினான். அவள் அவன் பக்கம் திரும்பினாள். "இங்க அடிச்சா பந்து வலப்பக்கமா ஓடி வேலியத் தாண்டணும். இத நேரா போக வைக்கிறதுக்கு எடைய எங்க வைக்கணும், முகத்த எவ்வளவு திருப்பணும்னு கரெக்டா கணக்கு போட்டிருக்கீங்க. நான் பாத்ததுல இவ்வளவு சரியா யாரும் போட்டதில்ல. எனக்கு ஒண்ணு செஞ்சு குடுங்க. நான் நடுவுல அடிக்கிற ஆளு. செஞ்சா உங்க மட்டையிலதான் ஆடுவேன்."

தம்பி அவளைப் பார்க்கவில்லை. மட்டையின் தடத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு அக்காவின் தோளில் கிடந்த துணியைப் பார்த்தான். ஆறு வருடமாகக் கூடாமல் நின்ற கணக்கு ஒன்று அவன் கண்ணுக்குள் அப்போதே கூடி முடிந்ததை அக்கா பார்த்தாள். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

முதலாளியும் மட்டையை வாங்கி வெகு நேரம் உற்றுப் பார்த்தார். கடைசியில் அவர் முகம் தெளிந்தது.

"அதானே பாத்தேன். புள்ளிய தப்பான இடத்துல அச்சடிச்சு வெச்சிருக்காங்க" என்றார். "பந்து நேரா போகுதுன்னா அதுதான் நடு. திங்கக்கிழமைக்குள்ள புள்ளிய அங்க மாத்துங்க. தம்பி, இனிமே நீதான் வடிவமைப்புக்குத் தலைமை."

தம்பி வாயைத் திறந்தான். "சார், புள்ளிய நகத்தினா நீங்க அந்தப் புள்ளியப் பாத்து..." என்று ஆரம்பித்தவன், மேலாளர்கள் முகங்களைப் பார்த்தான். 'தலைமை' என்ற சொல் இன்னும் கூடத்துக்குள் சுற்றிக்கொண்டிருந்தது. "சரி சார்" என்றான்.

வேலை முடிகிற நேரத்தில் அவன் சோதனைக் கூடத்துக்கு வந்தான். அக்கா டப்பாக்களை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"எத்தனை வருஷமாக்கா?"

"நான் வந்த நாள்லேருந்து."

"நான் கேட்டேனேக்கா. அந்த மேசைல உக்காந்து, நிஜமாவே நடுவுலதான் படுதான்னு கேட்டேனே."

"கேட்டே. நான்தான்டா பொய் சொன்னேன். வேலை போயிடும்னு பயந்துட்டேன்."

அவன் திட்டுவான் என்று எதிர்பார்த்தாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "நான் மண்டைல ஒண்ணுமே இல்லாதவன்னு நினைச்சுட்டு இருந்தேன்கா" என்று மட்டும் சொன்னான். பிறகு படியேறிப் போய்விட்டான். அந்த இரண்டு நாள் விடுமுறையில் அவன் அவள் வீட்டுப் பக்கம் வரவில்லை. அக்கா அழுதாள், அழுகைக்கு நடுவே கொஞ்சம் நிம்மதியாகவும் இருந்தது. இனி அந்தத் துணி தேவையில்லை. நல்லதோ கெட்டதோ, உண்மை வெளியே வந்தாகிவிட்டது. தம்பி இனி யாருக்கும் பயப்படாமல் கணக்குப் போடுவான் என்று தன்னைத் தேற்றிக்கொண்டாள்.

திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு முதலாளி வந்தார். புதுப் புள்ளி தண்டோரமாகச் சிவப்பாகப் பளபளத்தது. தலைமை வடிவமைப்பாளர் என்ற முறையில் தம்பியும் புதுச் சட்டையோடு பக்கத்தில் நின்றான். அக்கா பவுடர் பீச்சினாள். துணியை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருக்கலாம்; பழக்கதோஷம், இடுப்பிலேயே இருந்தது.

முதலாளி புதுப் புள்ளியைப் பந்துக்கு நேராக வைத்துக் குறி பார்த்தார். அவர் எந்தப் புள்ளியைக் குறிவைத்தாலும் அதிலிருந்து ஒன்றரை விரல் தள்ளித்தான் அடிப்பார். புள்ளியை நகர்த்தியதும் அந்த ஒன்றரை விரலும் கூடவே நகர்ந்துவிட்டது. அதற்கு மேல் மட்டையில் முகமே கிடையாது, தண்டின் கழுத்துதான் இருக்கிறது. தம்பிக்கு இது வெள்ளிக்கிழமையே தெரியும்.

'டணார்' என்று ஒரு சத்தம். பந்து வலப்பக்கம் சீறிப் பாய்ந்து, கூடத்தோரம் நின்ற முதலாளியின் காரின் முன்கண்ணாடியில் இறங்கியது. கண்ணாடி ஒரு கணம் யோசித்துவிட்டுப் பொலபொலவென்று உதிர்ந்தது.

முதலாளி மட்டையைப் பின்னால் நீட்டினார். அக்கா வாங்கிப் பார்த்தாள். முகத்தில் பவுடர் கலையாமல் அப்படியே இருந்தது. கழுத்தில் பந்தின் தடம் பளிச்சென்று தெரிந்தது. அவள் மட்டையைத் தம்பியிடம் நீட்டினாள். சொல்லுடா, என்று மனதுக்குள் சொன்னாள். நீ சொன்னால்தான் எடுபடும், உன்னிடம் கணக்கு இருக்கிறது.

தம்பி மட்டையை வாங்கினான். கழுத்தைப் பார்த்தான். காரைப் பார்த்தான். முதலாளியின் பிடரி சிவந்துகொண்டிருப்பதையும் பார்த்தான். பிறகு அக்காவின் பக்கம் திரும்பாமலே கையை நீட்டி, அவள் இடுப்பிலிருந்த துணியை உருவினான். முகத்தை ஓர் இழுப்பு, கழுத்தை ஓர் இழுப்பு. பதினோரு வருடம் துடைத்தவள்கூட அவ்வளவு சுத்தமாகத் துடைத்ததில்லை.

"காத்து சார்" என்றான்.

திடலில் ஒரு புல்கூட அசையவில்லை. "அதான், எனக்கே தெரிஞ்சுது" என்றார் முதலாளி.

தம்பி துணியை நாலாக மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டான். அக்கா தாளையும் பென்சிலையும் பிடித்தபடி அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஆறு வருடத்தில் முதல் தடவையாக அவன் குரலில் சந்தேகமே இல்லை.

"எழுதுக்கா. நடு."